கொலஸ்ட்ரால் அளவுக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

மாலைவெயில்

வணக்கம் நண்பர்களே. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எனக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 168, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 38, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210 என்று வந்திருக்கிறது. கழுத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்று ஸ்கேன் எடுத்ததில், தைராய்டின் வலது மடலில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. மருத்துவர் "சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, ஊசிப் பரிசோதனை இப்போது வேண்டாம், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடியதில்தான் குழப்பம். நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் அதிகம் வருகிறது என்று ஓர் ஆய்வு. மொத்தக் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் அதிகம் என்று இன்னொன்று. சம்பந்தமே இல்லை என்று மூன்றாவது. எதை நம்புவது? என் கொலஸ்ட்ரால் அளவை வைத்து அந்தக் கட்டியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுத்தால் புற்றுநோய் ஆபத்து குறையுமா, கூடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளவேனில்

ஹார்மோன் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் கேள்வி: தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் எவ்வளவு (தைராய்டு குறைவாகச் சுரந்தால் இது உயரும்)? நீங்கள் எழுதியதில் அது இல்லை. கொலஸ்ட்ராலையும் தைராய்டையும் இணைக்கிற உறுதியான பாலம் தைராய்டு ஹார்மோன்தான், புற்றுநோய் இல்லை. அந்தப் பாலம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் நீங்கள் படித்த ஆய்வுகளில் பாதி தெளிந்துவிடும்.

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களை இழுத்து உள்ளே எடுப்பது முக்கியமாகக் கல்லீரல். அதற்குக் கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல் ஏற்பிகள் இருக்கின்றன. எத்தனை ஏற்பிகள் உருவாக வேண்டும் என்பதில் டி3 என்ற தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் நொதியையும் அது தூண்டுகிறது. ஹார்மோன் குறைந்தால் ஏற்பிகள் குறைகின்றன, வெளியேற்றமும் மந்தமாகிறது. அந்த நிலையில் கல்லீரல் புதிதாகத் தயாரிக்கும் கொலஸ்ட்ராலும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் வெளியேற்றம் அதைவிட அதிகமாகக் குறைவதால் ரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது. ஹார்மோன் அதிகமாகச் சுரந்தால் எல்லாமே நேர்மாறாக நடந்து எல்டிஎல் இறங்கும்.

இந்த உறவு எவ்வளவு நம்பகமானது என்றால், டிஎஸ்எச் பரிசோதனை வருவதற்கு முன்னால் தைராய்டு சுரப்புக் குறைவைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் ரத்தக் கொலஸ்ட்ராலையும் ஒரு தடயமாக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் எல்டிஎல் புதிதாக உயர்ந்து வருபவருக்கு ஸ்டேட்டின் எழுதும் முன் டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறோம்.

இனி புற்றுநோய்க்கு வருவோம். தைராய்டு புற்றுநோயில் பெரும்பான்மை பாப்பில்லரி வகை, 80 சதவீதத்துக்கும் மேல். அது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சுரப்பு இயல்பாகவே இருக்கும். கட்டி தன் பாட்டுக்கு இருக்கும், சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதனால்தான் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் அந்தப் புற்றுநோயின் சாயல் தெரிவதில்லை. உங்கள் கொலஸ்ட்ரால் எண்ணை வைத்து அந்த 8 மில்லிமீட்டர் கட்டி எப்படிப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அலைவரிசை

இளவேனில் சொன்னது சரிதான், ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று பழைய ஆய்வுகள் நிறைய உண்டு. செல் சவ்வுக்கே கொலஸ்ட்ரால் தேவை. அதை மாத்திரை போட்டு அடித்து இறக்கினால் உடம்புக்கு நல்லதா? என் மாமாவுக்கு ஸ்டேட்டின் ஆரம்பித்த பிறகுதான் தைராய்டில் கட்டி கண்டுபிடித்தார்கள். அதனால் நான் என் மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தரவுத்தேடி

அலைவரிசை, தயவுசெய்து மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது.

குறைந்த கொலஸ்ட்ராலும் புற்றுநோயும் சேர்ந்து வருவதை 1980களிலேயே பல நீண்டகால ஆய்வுகள் கவனித்திருந்தன. எது முதலில் வந்தது என்பதுதான் பிரச்சினை. வெளியே தெரியாத புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்தால் அதுவே கொலஸ்ட்ராலை இறக்கிவிடும்: பசி குறையும், எடை குறையும், வளரும் செல்களும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ரத்தம் எடுத்த அன்று நோய் தெரியாது, அடுத்த ஓரிரு ஆண்டில் தெரியும். பட்டியலில் பார்த்தால் குறைந்த கொலஸ்ட்ரால் முன்னால் நிற்கும், புற்றுநோய் பின்னால் நிற்கும். காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. பல ஆய்வுகளில் ரத்தம் எடுத்த முதல் சில ஆண்டுகளில் நோய் வந்தவர்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோது இந்தத் தொடர்பு மங்கியது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க 1986இல் மார்ட்டின் கட்டான் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் லான்செட் இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது. அபோ-ஈ என்ற மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குப் பிறவியிலிருந்தே கொலஸ்ட்ரால் குறைவு. குறைந்த கொலஸ்ட்ரால்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்றால், அந்த வடிவம் உள்ளவர்கள் புற்றுநோயாளிகளிடையே அதிகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நோய்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. கருவிலேயே முடிவாகிவிடும் மரபணுவைப் பின்னால் வரும் புற்றுநோய் மாற்ற முடியாது என்பதுதான் இதன் அழகு. இன்று மெண்டலிய சமவாய்ப்பு முறை என்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஆய்வு முறைக்கு அந்தக் கடிதம் ஒரு முன்னோடி. அது பிறந்ததே கொலஸ்ட்ராலும் புற்றுநோயும் பற்றிய இதே கேள்வியிலிருந்துதான்.

மாத்திரையைப் பற்றி: 2012இல் 27 ஸ்டேட்டின் பரிசோதனைகளில் பங்கேற்ற சுமார் 1,75,000 பேரின் தனித்தனித் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இவை ஸ்டேட்டின் இந்தப் பக்கம், போலி மாத்திரை அல்லது குறைந்த அளவு ஸ்டேட்டின் அந்தப் பக்கம் என்று குலுக்கிப் பிரித்து நடத்திய பரிசோதனைகள். புற்றுநோய் வருவதும் புற்றுநோயால் இறப்பதும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தைராய்டு புற்றுநோய் மட்டும் தனியாக எடுத்தால் எண்ணிக்கை சிறியது என்பது உண்மை. ஆனாலும் பயப்படுவதற்கான தடயம் அங்கே இல்லை.

உங்கள் மாமா விஷயத்தில், ஸ்டேட்டின் ஆரம்பிக்கும் வயதும் தைராய்டு கட்டிகள் அதிகம் காணப்படும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். மாத்திரை ஆரம்பித்ததும் மருத்துவரைப் பார்ப்பதும், பரிசோதனைகளும் கூடுகின்றன. தேடினால் கட்டி கிடைக்கும்.

வடதிசை

தரவுத்தேடி ஸ்டேட்டின் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாலைவெயில் கேட்ட எச்டிஎல் விஷயத்தை யாரும் தொடவில்லையே? அந்த ஆய்வுகள் சின்ன ஆய்வுகள் இல்லை. தென்கொரியாவின் தேசிய உடல்நலப் பரிசோதனைத் தரவுகளில் லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எச்டிஎல் குறைந்தவர்களிடம், வளர்சிதை மாற்றக் கோளாறு (பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை சேர்ந்து வருவது) உள்ளவர்களிடம், தைராய்டு புற்றுநோய் சற்று அதிகம் என்கிறார்கள். இவ்வளவு பெரிய தரவைப் புறந்தள்ள முடியாது.

தரவுத்தேடி

புறந்தள்ளச் சொல்லவில்லை. ஆனால் தென்கொரியா என்றதும் தைராய்டு புற்றுநோய் விஷயத்தில் நான் கூடுதல் கவனமாகிவிடுவேன். காரணம் சொல்கிறேன், இது தெரியாமல் அந்த ஆய்வுகளைப் படிக்கவே கூடாது.

1999இல் அங்கே அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் எடுத்தார்கள். விளைவு: 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. இவ்வளவு ஏறியும் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் அப்படியே இருந்தது. புதிதாக நோய் பெருகியிருந்தால் இறப்பும் கொஞ்சமாவது ஏறியிருக்கும். ஆகவே பெருகியது கண்டுபிடிப்பு. 2014இல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரே ஆண்டில் தைராய்டு அறுவைச் சிகிச்சைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். 1985இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேலாக, யாருக்கும் தெரியாத மிகச் சிறிய பாப்பில்லரி புற்று இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராதவை.

அப்படியானால் எச்டிஎல் குறைந்தவர் யார்? பெரும்பாலும் எடை கூடியவர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர், ரத்த அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்குப் பரிசோதனைகள் அதிகம் நடக்கும், ஸ்கேன் நடக்கும். எங்கும் பரவிக் கிடக்கும் சின்னப் புற்று அவரிடம் கண்ணில் படுகிறது. மருத்துவமனைப் பக்கமே போகாதவரிடம் அது கண்ணில் படுவதில்லை. லட்சம் பேரைச் சேர்த்தாலும் இந்தப் பிழை கரையாது. தரவு பெரிதாக ஆக, பிழையும் துல்லியமாகத் தெரியும் ஒரு எண்ணாக மாறிவிடும், அவ்வளவுதான்.

வடதிசை

இந்த விளக்கம் முக்கியமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லாவற்றையும் ஸ்கேன் மேல் போட்டுவிட முடியாது. உடல் பருமனைப் பற்றி 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு நிபுணர் குழுவைக் கூட்டி, 13 வகைப் புற்றுநோய்களில் பருமனுக்குப் போதுமான சான்று இருக்கிறது என்று முடிவு செய்தது. அந்த 13இல் தைராய்டும் உண்டு. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதது), அதனால் ரத்தத்தில் கூடும் இன்சுலின், நாள்பட்ட அழற்சி என்று வழிமுறைகளும் பேசப்படுகின்றன. எச்டிஎல் குறைவு அந்தக் கூட்டத்தின் ஓர் உறுப்பினர் இல்லையா?

இளவேனில்

வடதிசை தொட்ட இடம் சரியான இடம். நான் எச்டிஎல்லை அப்படித்தான் பார்க்கிறேன். அது ஒரு குறியீடு. எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு உயர்வு, இடுப்புச் சுற்றளவு கூடுதல் மூன்றும் கைகோத்து வரும். பின்னால் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. ஆய்வாளர்கள் உடல் நிறை குறியீட்டைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்துவிட்டோம் என்று எழுதுவார்கள். ஆனால் ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இருவரில் ஒருவருக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் இருக்கலாம். அந்த வித்தியாசம் உடல் நிறை குறியீட்டில் தெரியாது, எச்டிஎல்லில் தெரியும். அதனால் எச்டிஎல் குற்றவாளி மாதிரித் தோன்றும்.

இதில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. தைராய்டு சுரப்புக் குறைவில் உயர்வது எல்டிஎல்லும் மொத்தக் கொலஸ்ட்ராலும். எச்டிஎல் அநேகமாக இயல்பாக இருக்கும், சில சமயம் கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். ஆகவே எச்டிஎல் 38க்குத் தைராய்டைக் காரணம் காட்ட முடியாது. மாலைவெயில், உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு கதைகள் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்: எல்டிஎல்லுக்கு ஒரு காரணம், எச்டிஎல்லுக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் வேறொரு காரணம்.

மொத்தக் கொலஸ்ட்ரால் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. சிலவற்றில் ரத்தம் எடுத்தது அறுவைக்கு முந்தைய வாரம், சிலவற்றில் பத்து ஆண்டுகளுக்கு முன். ஒப்பிடப்பட்டவர்கள் சில இடங்களில் முழு ஆரோக்கியமானவர்கள், சில இடங்களில் சாதாரணக் கட்டிக்காக அறுவை செய்துகொண்டவர்கள். டிஎஸ்எச்சைக் கணக்கில் சேர்க்காத ஆய்வுகள் ஏராளம். அதுதான் எனக்குப் பெரிய குறை. டிஎஸ்எச் உயர்ந்தால் எல்டிஎல் உயரும். அதே டிஎஸ்எச் தைராய்டு செல்களை வளரத் தூண்டும் ஹார்மோனும்கூட. தைராய்டு கட்டியோடு வந்த 1,500 பேரை வைத்து 2006இல் பர்மிங்ஹாமில் வெளியான ஆய்வில், டிஎஸ்எச் கூடக்கூட அந்தக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பும் கூடியது. இரண்டுக்கும் பின்னால் ஒரே ஹார்மோன் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எல்டிஎல்லையும் புற்றையும் மட்டும் ஜோடி சேர்த்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

நீலக்குறிஞ்சி

பாப்பில்லரி புற்றுநோய் வந்து தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டவள் நான். என் அனுபவம் உங்களுக்கு உதவலாம்.

நோய் கண்டுபிடிக்கும்போது என் கொலஸ்ட்ரால் முற்றிலும் இயல்பாக இருந்தது. அறுவைக்குப் பிறகு, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிர்வீச்சு அயோடின் கொடுப்பதற்காக ஹார்மோன் மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தினார்கள். அப்போது மொத்தக் கொலஸ்ட்ரால் 300ஐத் தாண்டிவிட்டது. புற்றுநோய் திரும்பிவிட்டது என்றே நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் படிப்படியாகப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஏன் ஏறியது என்று முன்கூட்டியே யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

மாலைவெயில், என்னைத் தொடர்ந்து கவனிக்க அவர்கள் பார்ப்பது தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் உருவாக்கும் புரதம்), டிஎஸ்எச், கழுத்து ஸ்கேன். லிப்பிட் ரிப்போர்ட்டை இதயத்துக்காக மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இளவேனில்

நன்றி நீலக்குறிஞ்சி அக்கா. உங்களுக்கு அன்று கிடைக்காத அந்த வரி இதுதான்: ஹார்மோன் நிறுத்தியதும் எல்டிஎல் ஏற்பிகள் குறைந்தன, அதனால் கொலஸ்ட்ரால் ஏறியது, புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது பலருக்கு மாத்திரையை நிறுத்தாமலே, செயற்கையாகத் தயாரித்த டிஎஸ்எச் ஊசி போட்டு அயோடின் கொடுக்க முடிகிறது. அப்படிச் செய்தால் இந்த ஏற்றம் இருக்காது.

முற்றிய நோய்க்கு லென்வாட்டினிப் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் டிஎஸ்எச் ஏறும், கொலஸ்ட்ராலும் ஏறலாம். அங்கேயும் ஹார்மோன் அளவைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

அலைவரிசை

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி தரவுத்தேடி. மாத்திரையைத் தொடர்கிறேன். ஒரு கேள்வி மட்டும். ஸ்டேட்டின் தைராய்டு புற்றுச் செல்களைக் கொல்கிறது என்றும் படித்தேன். அப்படியானால் அதைப் புற்றுநோய்க்கே மருந்தாகக் கொடுக்கலாமே?

தரவுத்தேடி

ஆய்வகத் தட்டில் நடந்தது அது. ஸ்டேட்டின் தடுக்கும் அதே வேதிப்பாதையில் கொலஸ்ட்ரால் மட்டுமல்ல, செல் பெருகுவதற்கான சமிக்ஞைப் புரதங்களுக்குத் தேவையான சில பொருள்களும் உருவாகின்றன. பாதையை அடைத்தால் அனபிளாஸ்டிக் போன்ற மூர்க்கமான வகைச் செல்கள் தட்டில் சாகின்றன. ஆனால் அங்கே பயன்படுத்தும் செறிவு, மாத்திரை போட்டால் ரத்தத்தில் வரும் அளவைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். தைராய்டு புற்றுக்குச் சிகிச்சையாக ஸ்டேட்டினை எந்த வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை.

வடதிசைக்கும் ஒரு வார்த்தை. தொடர்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காக, 10,000 பேரில் பத்து ஆண்டில் 20 பேருக்கு நோய் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து 20 சதவீதம் கூடுகிறது என்றால் அந்த 20, 24 ஆகும். எச்டிஎல் குறைந்த 10,000 பேரில் 9,976 பேருக்கு ஒன்றும் வராது. தலைப்பில் 20 சதவீதம் என்று படிக்கும்போது மனம் வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறது. 2022இல் உலகம் முழுக்கச் சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் பேருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 47 ஆயிரம். இதயநோயோடு ஒப்பிட்டால் எல்டிஎல் 168 எந்தப் பக்கம் கவலைப்படச் சொல்கிறது என்பது புரியும்.

வடதிசை

சரி, அந்தக் கணக்கு நியாயம். என் நிலைப்பாடு இதுதான்: பருமனுக்கும் தைராய்டு புற்றுக்கும் உள்ள தொடர்பை நான் நம்புகிறேன், எச்டிஎல் தனியாக ஒரு காரணி என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. மரபணு வழி ஆய்வுகளில் போதுமான தைராய்டு நோயாளிகள் சேரும்வரை இந்த விவாதம் ஓயாது.

மாலைவெயில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். டிஎஸ்எச் பார்த்திருக்கிறார்கள், 7.4 என்று இருக்கிறது. தைராய்டு ஹார்மோனான டி4 இயல்பு. பர்மிங்ஹாம் ஆய்வைப் படித்த பிறகு இதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது இளவேனில். நான் பயப்பட வேண்டுமா? தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அது பிரச்சினையா?

இளவேனில்

பயப்பட வேண்டாம். அந்த ஆய்வு ஒரு கூட்டத்தில் வாய்ப்பு எப்படிக் கூடிக் குறைகிறது என்று சொல்கிறது, உங்கள் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டியைத் தீர்மானிப்பது ஸ்கேனில் அதன் தோற்றம்: விளிம்பு எப்படி, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா, அகலத்தைவிட உயரம் அதிகமா, பக்கத்து நிணநீர் முடிச்சுகள் எப்படி இருக்கின்றன என்பவை. இவை எதிலும் சந்தேகம் இல்லாத, 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்கு ஊசிப் பரிசோதனை தேவையில்லை என்று உங்கள் மருத்துவர் சொன்னது இன்றைய நெறிகளுக்குப் பொருந்துகிறது. சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்தாலோ அதை மட்டும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை கொலஸ்ட்ராலைவிட ஆயிரம் மடங்கு பொருட்படுத்த வேண்டிய தகவல்கள்.

7.4, டி4 இயல்பு என்றால் லேசான சுரப்புக் குறைவு. ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்வதில்லை, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், கூடவே தைராய்டை உடலே தாக்குகிறதா என்று காட்டும் டிபிஓ எதிர்ப்பொருளும். டிஎஸ்எச் 10க்குக் கீழே இருந்தால் ஹார்மோன் மாத்திரை தொடங்குவதா என்பது வயது, அறிகுறி, இதய ஆபத்து எல்லாவற்றையும் பொறுத்தது. தொடங்கினால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கலாம், 168 முழுவதும் அதனால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுரப்புக் குறைவைச் சரிசெய்யாமல் ஸ்டேட்டின் எடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் வரிசையை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பயோட்டின் நல்ல கேள்வி. சில ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச்சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

நீலக்குறிஞ்சி

மாத்திரை தொடங்கினால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மாலைவெயில். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி. கொலஸ்ட்ராலுக்குக் கொலஸ்டிரமின் பொடி கொடுத்தால் அதற்கும் இதே இடைவெளி தேவை, அது ஹார்மோனைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ஸ்டேட்டினுக்கு அந்தத் தொல்லை இல்லை, நான் ராத்திரி போட்டுக்கொள்கிறேன். மறுபடி எடுத்த டிஎஸ்எச் வந்ததும் இங்கே எழுதுங்கள்.